ராபர்ட் வைஸ்: கத்தரியும் கையொப்பமும்

1942 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவின் பொமோனா நகரில் ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' வெளியீட்டுக்கு முன் பார்வையாளருக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டது. வரவேற்பு மோசமாக இருந்தது. வெல்ஸ் அப்போது பிரேசிலில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தார். ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் ஆணைப்படி படத்தைச் சுருக்கும் பொறுப்பு தொகுப்பாளர் ராபர்ட் வைஸிடம் வந்து சேர்ந்தது. 130 நிமிடங்களுக்கு மேல் ஓடிய படம் 88 நிமிடங்களாயிற்று. நீக்கப்பட்ட சுருள்கள் பின்னர் அழிக்கப்பட்டன. முடிவு நிறுவனத்தினுடையது, கத்தரியோ வைஸின் கையில் இருந்தது. இவ்விரண்டில் எதையும் வரலாற்றாய்வாளர் மறைக்க வேண்டியதில்லை.

1914இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்த வைஸ், பொருளாதாரப் பெருமந்தத்தால் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டு 1933இல் ஆர்.கே.ஓ.வில் சேர்ந்தார். முதலில் ஒலித்தொகுப்பு, பின்னர் படத்தொகுப்பு. 'சிட்டிசன் கேன்' படத்தைத் தொகுத்தவரும் அவரே. 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' (1944) படப்பிடிப்பு தாமதமானபோது, இயக்குநருக்கு மாற்றாக அவர் அமர்த்தப்பட்டார்.

அதன்பின் அவர் தொடாத வகைமை அரிது. 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (1951) அறிவியல் புனைவு. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961), 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) இசைப் படங்கள். பின்னிரண்டும் அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரைப் பெற்றுத் தந்தன. முன்னதில் ஜெரோம் ராபின்ஸுடன் அதைப் பகிர்ந்துகொண்டார். எனினும் அவருடைய உச்சம் 'தி செட்-அப்' (1949) என்றே கொள்ளத் தகும். முதுமையை நெருங்கும் குத்துச்சண்டை வீரன் ஒருவனின் ஓர் இரவு. கதை நிகழும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே, 72 நிமிடங்கள். (மூலக் கவிதையின் நாயகன் கறுப்பினத்தவன், திரையில் அவன் வெள்ளையனாக்கப்பட்டான். படத்தைப் போற்றுவோர் இதனைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றனர்.)

1968இல் ஆண்ட்ரூ சாரிஸ் அமெரிக்க இயக்குநர்களைத் தரவரிசைப்படுத்தியபோது, உச்ச வரிசையில் ஹோவர்ட் ஹாக்ஸுக்கு இடமிருந்தது, வைஸுக்கு இல்லை. இருவரும் பல வகைமைகளில் இயங்கியவர்களே. ஹாக்ஸின் மேற்கத்தியப் படத்திலும் நகைச்சுவைப் படத்திலும் ஒரே வகை மாந்தரும் ஒரே வகை அறங்களும் மீளத் தோன்றின. ஆகவே அவர் 'ஆசிரியர்' ஆனார். வைஸிடம் அத்தகைய கருப்பொருள் தொடர்ச்சி தென்படவில்லை. ஆகவே வெறும் கைவினைஞர் எனப்பட்டார்.

இவ்வளவுகோல் கதையுள் மட்டுமே கையொப்பத்தைத் தேடுகிறது. இரு இசைப் படங்களுக்கு இடையே வைஸ் எடுத்த 'தி ஹாண்டிங்' (1963) பேயைக் காட்டுவதேயில்லை. கதவுக்கு அப்பால் இடிபோன்ற தட்டல். உள்ளே அஞ்சி ஒடுங்கும் இரு பெண்களின் முகங்கள். பிறிதொரு காட்சியில் மெல்ல உட்புறமாகப் புடைக்கும் மரக்கதவு. அச்சம் முழுவதும் ஒலியாலும் வெட்டாலும் கட்டப்பட்டது. 'தி செட்-அப்' படத்தில் சண்டைக் களத்தினும் கூட்டத்தின் முகங்களையும் கூச்சலையுமே வெட்டு மீண்டும் மீண்டும் நாடுகிறது. ஒலித்தொகுப்பு அறையில் பயின்றவரின் கை இது. கருப்பொருளைத் தேடிய விமர்சனத்துக்கு அந்தக் கை புலப்படவில்லை.