யாழ்ப்பாண மாநகர சபை: நகர வேலைகளும் ஊர் விழாக்களும்

யாழ்ப்பாண மாநகர சபை, இலங்கை வட மாகாணத்தின் மிகப் பழைய மாநகர சபை. யாழ் மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களில் மாநகர சபை இது ஒன்றுதான். மற்றவை 3 நகர சபைகளும் 13 பிரதேச சபைகளும். பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். வட்டாரங்கள் 27, உறுப்பினர்கள் 45 பேர். உள்வீதிகள், வெள்ளவாய்க்கால், சந்தை, பொது நூலகம், பூங்கா, தெருவிளக்கு, தீயணைப்பு, குப்பை அகற்றல், கட்டட அனுமதி என்பன இதன் அன்றாட வேலைகள். சோலைவரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை ஆகியவை கைவருமானம். பெரிய வேலை என்றால் கொழும்பின் ஒதுக்கீட்டையோ வெளிநாட்டு உதவியையோ பார்த்திருக்க வேண்டும். ஆனால் வேலைப் பட்டியலை மட்டும் வைத்து இந்தச் சபையை விளங்கிக்கொள்ள முடியாது. நகரத்தைக் கட்டும் வேலையும் ஊர் கூடும் விழாவும் இங்கே ஒன்றின் தோளில் மற்றது கை போட்டபடி வளர்ந்தவை.

1906இல் உள்ளூர்ச் சபையாகத் தொடங்கி, 1940இல் நகர சபையாகி, 1949இல் மாநகர சபையானது. முதல் முதல்வர் சாம் ஏ. சபாபதி.

விழாவால் ஒரு கட்டடம் எழுந்ததற்குப் பொது நூலகமே சாட்சி. நீதிமன்றச் செயலாளராக இருந்த கே. எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டிலேயே இலவச வாசிகசாலை நடத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றுக்கு அது இடம்பெயர்ந்தபோது அதில் இருந்தவை 844 புத்தகங்கள். 1935இல் நகர நிர்வாகம் அதைப் பொறுப்பேற்றது. 1950களின் தொடக்கத்தில் நிரந்தரக் கட்டடம் வேண்டுமென்று சபாபதி தலைமையில் குழு அமைந்தது. சபையின் பெட்டியில் அவ்வளவு காசில்லை. கார்னிவல் நடத்தினார்கள், லொத்தர் விற்றார்கள், வீடு வீடாகவும் கேட்டார்கள். ஊஞ்சலுக்கும் விளையாட்டுக்கும் சனம் கொடுத்த சில்லறை சுவராக எழுந்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வரைபடம் தந்தார். 1954 மார்ச் 29இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1959 ஒக்டோபர் 11இல் அன்றைய முதல்வர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். துரையப்பா மீண்டும் முதல்வராக இருந்தபோது, 1975 யூலை 27இல், பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1981 மே 31 இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸாரும் காடையரும் அந்த நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். வேறு படியில்லாத ஓலைச் சுவடிகளும் அவற்றோடு போயின. ஒரு மாநகர சபையின் சொத்து இழப்பாக மட்டும் அதைக் கணக்கெழுத முடியாது. கார்னிவலுக்குப் போய்ச் சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் அந்தச் சுவரில் பங்கிருந்தது. திருத்தி முடித்த கட்டடத்துக்கு 2003 பெப்ரவரியில் திறப்பு விழா நாள் குறிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. சபை உறுப்பினர்கள் பதவி விலக, விழா நின்றது. பிறகு விழா எதுவுமின்றி அது வாசகருக்குத் திறந்துவிடப்பட்டது.

போர்க்காலத்தில் சபை பெயரளவில்தான் இருந்தது. 1983க்குப் பிறகு 1998 ஜனவரியில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அந்த ஆண்டு மே 17இல் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பொன். சிவபாலன், செப்டெம்பர் 11இல் நல்லூரில் இயங்கிய சபை அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்து இறந்தார். நகரின் போக்குவரத்து ஒழுங்கைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டம் அது. எந்த வீதியில் எந்த வாகனம் போகலாம் என்று தீர்மானிக்க அமர்ந்தவர்களில் பலர் உயிரோடு எழவில்லை.

அலுவலகம் நல்லூருக்குப் போனதற்கும் போரே காரணம். புல்லுக்குளத்துக்கும் சுப்பிரமணியம் பூங்காவுக்கும் அண்டையில் இருந்த பழைய மாநகர மண்டபம் கோட்டைப் பகுதிச் சண்டைகளில் அழிந்தது. அதே இடத்தில் புதிய மண்டபத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது; நாட்டின் பொருளாதார நெருக்கடி வந்ததும் வேலை நின்றுபோனது. பக்கத்திலேயே இந்திய அரசின் நன்கொடையில் எழுந்த 11 மாடிக் கலாசார மையம் 2023 பெப்ரவரி 11இல் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது யாழ்ப்பாணம் என்ற சொல் விடுபட்டது, ஊர் கண்டித்தது, அந்தச் சொல் திரும்பச் சேர்க்கப்பட்டது. பெயர்ப்பலகை என்று அதை விட்டுவிட ஊர் விரும்பவில்லை, அது சரிதான்.

நீரும் குப்பையும்தான் சபையின் தீராத தலையிடி. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லின் ஊடே இறங்க வேண்டும், அல்லது வாய்க்கால் வழியே கடனீரேரிக்குப் போக வேண்டும். கார்த்திகை மழையில் பொம்மைவெளி போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்பது, வாய்க்காலை மண்ணும் பிளாஸ்ரிக்கும் மூடுவதால்தான். நகரில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. வீட்டுக்கு வீடு மலக்குழியும் கிணறும் ஒரே வளவுக்குள். இதனால் நிலத்தடி நீர் கெடுவது நெடுநாள் கவலை. 2024 ஓகஸ்ட் 2இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடியது. அது தேசிய நீர் வழங்கல் சபையின் வேலை என்றாலும், குழாய் பதிக்கத் தோண்டிய வீதியை மூடவில்லை என்ற முறைப்பாடு வந்து விழுவது மாநகர சபையின் மேசையில்தான். குப்பை கல்லுண்டாய் வெளிக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் புகை சுற்றுக் கிராமங்களைச் சூழும். ஆரியகுளம் 2021 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்டு, மாலையில் சனம் நடக்கும் இடமானது. அதே ஆண்டு ஏப்ரலில், குப்பை போடுவோருக்கும் துப்புவோருக்கும் தண்டம் விதிக்க நீலச் சீருடையில் ஐவரை நியமித்ததற்காக அன்றைய முதல்வர் வி. மணிவண்ணன் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினரால் கைதாகிப் பிணையில் வந்தார்.

அவர் முதல்வரானதே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 2020 டிசம்பர் 30இல். முந்தைய முதல்வர் இம்மானுவேல் ஆர்னோல்ட்டின் பாதீடு இரண்டு தடவை தோற்றது. சட்டப்படி பதவியும் போனது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த கலப்புத் தேர்தல் முறையில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைப்பது அரிது. ஆண்டுதோறும் பாதீடு கத்திமேல் நடக்கும்போது ஐந்தாண்டுத் திட்டம் என்று எதையும் பேச முடியாது. இதுதான் சபையின் உண்மையான நோய். 2023 மார்ச்சில் சபைக் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை ஆணையாளரே நிர்வகித்தார். அத்தேர்தலிலும் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை.

இத்தனை இழுபறிக்கும் நடுவில் தடையில்லாமல் நடக்கும் ஒன்று நல்லூர்க் கந்தன் திருவிழா. ஆடி அமாவாசை கழித்து ஆறாம் நாள் கொடியேறி, ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு 25 நாள். கொடியேற்றத்துக்கு முன்பே கோயிலிலிருந்து காளாஞ்சி மாநகர சபைக்கு வந்துவிடும். வெற்றிலை பாக்கோடு தட்டம் கைமாறும் அந்த நிமிடத்திலிருந்து விழா சபையின் பொறுப்பும் ஆகிறது. வெளிவீதிகளுக்கு வாகனத் தடை போடுவார்கள்; உள்ளே குடியிருப்போருக்கு அனுமதி அட்டை கொடுப்பார்கள். பிரதட்டை செய்வோர் உடம்பு நோகாதபடி வீதியெங்கும் மணல் பரப்புவார்கள். கச்சான் கடைக்கும் வளையல் கடைக்கும் இடம் அளந்து விடுவார்கள். அந்தக் கடை வருமானம் சபைக்கு. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, முதலுதவி, காணாமற்போன பிள்ளையைத் தேடும் ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் சேர்ந்தே ஓடும்.

தேர் அன்று விடிய முன்னரே வீதி நிறைந்துவிடும். தேர் இருப்புக்கு வந்து சனம் கலைந்த பிறகு, கச்சான் கோதும் தேங்காய்ச் சிதறலும் பூவும் மிதிபட்ட மணலுக்குள் கிடக்கும். சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ஈர்க்குமாறோடு வரிசையாக வந்து கூட்டிக் குவிப்பார்கள். மறுநாள் தீர்த்தத்துக்கு வீதி துப்புரவாக வேண்டும்.