உயரம் நின்றது, ஊசியும் நின்றது. பிறகு?

போன வாரம் மன்னார் பஜாரில் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். சின்ன வயதில் வளர்ச்சி ஓமோன் ஊசி போட்டு வளர்ந்த பிள்ளை. இப்போது வயது இருபத்திரண்டு. கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்கு. "கிளினிக்குக்குப் போறியா?" என்று கேட்டேன். "உயரம் வந்துட்டுதானே சேர், இனி எதுக்கு?" என்றார். அவருடைய உம்மாவும் அன்று இதையேதான் சொன்னார்.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இன்சுலினை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தார்கள். வளர்ச்சி ஓமோனை அப்படி எடுக்க முடியவில்லை. அந்த மிருகங்களுடையது மனிதனில் வேலை செய்யாது. 1958இல் அமெரிக்க வைத்தியர் மொரிஸ் ராபென், இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஓமோனால் ஓர் இளைஞர் வளர்ந்ததை அறிவித்தார். ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து மருந்து கொடுக்கப் பல மையித்துகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. அதனால் வளரும் பிள்ளைகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள்; வளர்ச்சி முடிந்ததும் நிறுத்தினார்கள். வளர்ந்தவருக்கு அது தேவையில்லை என்று எவரும் நிரூபித்திருக்கவில்லை. மருந்து போதவில்லை, அவ்வளவுதான்.

1985இல் அந்த ஊசி போட்ட சிலர் மூளையைச் சிதைக்கும் குரொய்ட்ஸ்பெல்ட்-ஜேக்கப் நோயால் இறந்தது தெரியவந்து, அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது. அதே வருடம் பக்டீரியா மூலம் தயாரித்த ஓமோன் அங்கே அனுமதி பெற்றது. தட்டுப்பாடு நீங்கியது. ஆனால் பழைய வழக்கம் மக்கள் மனதில் நின்றுவிட்டது.

1989இல் லண்டனிலும் டென்மார்க்கிலும் ஓமோன் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் கொழுப்பு குறைந்தது, தசை கூடியது. உயரத்துக்கு மட்டும் என்று நினைத்தது, கொழுப்பையும் தசையையும் எலும்பையும் வாழ்நாள் முழுவதும் கவனிக்கும் ஓமோன் என்று விளங்கியது. 1996இல் அமெரிக்கா பெரியவர்களுக்கும் அதை அனுமதித்தது.

இது எங்கோ வெள்ளைக்காரர் கதை என்று நினைக்க வேண்டாம். கபச்சுரப்பிக்கு "ஓமோனை விடு" என்று மூளையிலிருந்து ஒரு சமிக்ஞை வரும். அதை வாங்கும் வாங்கியின் மரபணுவில் உள்ள ஒரு பிழை, 1996இல் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பத்தில் கண்டறியப்பட்டது. 1998இல் அதே பிழை பாகிஸ்தானின் சிந்துக் கிராமங்களிலும், இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் இருப்பது வெளியானது. பிறகு வந்த ஆய்வு, இவர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு மூதாதை இருந்திருக்க வேண்டும் என்றது. முஸ்லிம், தமிழர் என்று நாம் பிரிந்து நிற்கிறோம். மரபணு பிரித்துப் பார்க்கவில்லை. தாய், தகப்பன் இருவரிடமும் அந்தப் பிழை இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். சொந்தத்துக்குள் கலியாணம் முடிக்கும்போது அந்த வாய்ப்புக் கூடுகிறது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பிரேசிலின் இத்தபயனின்யாவில் இதே மரபணுவின் வேறொரு பிழையோடு, ஊசியே போடாமல் வாழ்ந்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் கொலஸ்ட்ரோலும் கூடுதலாக இருந்தன. ஆனாலும் ஆயுள் குறையவில்லை. சிறுவயதில் குறைபாடு என்று சொல்லப்பட்ட பலருக்கு, வளர்ந்த பின் மீண்டும் பரிசோதித்தால் ஓமோன் சரியாகவே இருக்கிறது. அவர்களுக்கு ஊசி வேண்டியதில்லை. மரபணுப் பிழையாலோ கபச்சுரப்பிக் கட்டியாலோ குறைபாடு வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் தொடரும்.

யார் எந்தப் பக்கம் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். ஆகவே ஊசி நின்ற பிள்ளை வீட்டில் இருந்தால், மறுபரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். இடுப்புச் சுற்றளவு, கொலஸ்ட்ரோல், சீனி, எலும்பு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக ஊசியை மறுபடி தொடங்க வேண்டாம். அது இரத்தத்தில் சீனியைக் கூட்டவும் கூடும்.

அந்தப் பிள்ளையிடம் பழைய கிளினிக் கொப்பியைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.