சபராளிகளும் மறுநுழைவு அனுமதியும்

என் பாட்டனாரின் தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. பெருவிரைவுப் போக்குவரத்தில் தூக்கிக்கொண்டு போக வெட்கப்படும் அளவுக்குத் துருப்பிடித்த பெட்டி. அதற்குள் நான்கு பழைய கடப்பிதழ்கள், கப்பல் டிக்கெட்டின் அடிக்கட்டை, வருமான வரி ரசீதுகள், ஒரு ரப்பர் வளையம் போட்ட கடிதக்கட்டு. பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, மளிகை மொத்த வணிகம் செய்பவனிடம் வரலாறு கேட்கிறாரே என்று தயங்கினேன். பாலிடெக்னிக்கில் நான் படித்தது மின்னணுவியல். ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பது நம் சங்கத்தின் பாதிக் குடும்பங்களுக்குப் பொதுவான வரலாறு என்று பட்டதால் ஒப்புக்கொண்டேன்.

கடப்பிதழ்களின் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சொல்: ரீ-என்ட்ரி பெர்மிட். இன்றைய தமிழில் மறுநுழைவு அனுமதி. நம் பெரியவர்கள் சுருக்கமாக 'ரீ-என்ட்ரி' என்பார்கள். "ரீ-என்ட்ரி போட்டாச்சா?" என்று கேட்காமல் அந்தக் காலத்தில் எவரும் ஊருக்குப் பயணம் சொல்லியனுப்பியதில்லை என்று அத்தா சொல்வார்.

பாட்டனார் 1936இல், பதினான்கு வயதில் சிங்கப்பூர் வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் அணையாது. நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் ஏறிப் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். பிறகு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர். அவர் கையில் இருந்தது கப்பல் சீட்டும் ஒரு மூட்டையும் மட்டுமே. இந்தியாவும் மலாயாவும் ஒரே பேரரசின் கீழ் இருந்ததால் நம்மவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். 1933இல் நடப்புக்கு வந்த அந்நியர் சட்டம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தவர்களைத்தான் கட்டுப்படுத்தியது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தோட்டத் தொழிலாளர்களை நிறுத்தியபோதும் கடைக்காரர்களை அது தொடவில்லை.

ஆகவே 'சபர்' என்பது நம்மவர்களுக்குப் போக்கும் வரவுமாகவே இருந்தது. மூன்று வருடம் கடை, ஆறு மாதம் ஊர். அண்ணன் ஊருக்குப் போனால் தம்பி கல்லாவில் உட்காருவார். தம்பி போக வேண்டுமென்றால் அண்ணன் வரக் காத்திருப்பார். மனைவி மக்கள் ஊரில், வருமானம் இங்கே. சபராளி என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். எங்கே குடியிருக்கிறாய் என்று பாட்டனாரிடம் அப்போது யாராவது கேட்டிருந்தால் அவர் கேள்வியே புரியாமல் விழித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜப்பானியர் காலத்தில் கப்பல் நின்றது. ஊரிலிருந்தவர்கள் ஊரிலும், இங்கிருந்தவர்கள் இங்கும் மாட்டிக்கொண்டார்கள். போர் முடிந்து போக்குவரத்து மீண்டபோது உலகம் வேறாகியிருந்தது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. 1948இல் இங்கே அடையாள அட்டை வந்தது. 1953 ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடப்புக்கு வந்தது. எல்லா நாட்டவருக்கும் பொதுவான சட்டம் அது; பிரிட்டிஷ் பிரஜை என்ற பழைய சலுகை அதோடு போயிற்று. நினைத்தபோது தம்பியை, மச்சானை, கடைப்பையனை அழைத்துக்கொள்ளலாம் என்ற காலம் முடிந்தது.

இந்தச் சட்டத்தின் நுட்பத்தை நம் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். நிரந்தரவாசியாக இருப்பதற்குக் கொடுக்கப்பட்ட நுழைவு அனுமதி, அந்தக் காலத்தில் அவர் நாட்டுக்குள் இருக்கும் வரைதான் செல்லுபடியானது. வெளியே காலெடுத்து வைத்தால், மறுநுழைவு அனுமதி கையில் இருந்தால்தான் அந்தத் தகுதி நின்றது. அனுமதியில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டியிருந்தது, அல்லது அது முடியுமுன் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எத்தனை ஆண்டு இங்கே உழைத்தார் என்பது வேறு கணக்கு. சட்டம் முதலில் பார்த்தது தேதியை.

1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நம்மவர்களில் பலர் பதிந்துகொண்டார்கள். பதிந்தவர்களுக்கு இந்தத் தேதித் தொல்லை இல்லை. பாட்டனார் பதியவில்லை. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. இங்கே பதிந்தால் அங்கே குடிமகன் இல்லை. ஊரில் ஒன்றரை மா நிலமும் பங்கு பிரிக்காத வீடும் இருந்தன. குடியுரிமை போனால் அவையும் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியா தவறா என்று விசாரித்துப் பார்க்கக்கூட அவருக்கு அச்சம். அவருடைய சேக்காளிகள் பலருக்கும் அதே அச்சம்தான். அதனால் 1994இல் வஃபாத்தாகும் வரை நீல அட்டையோடு நிரந்தரவாசியாகவே இருந்தார். (இங்கே நீலம் நிரந்தரவாசிக்கு, இளஞ்சிவப்பு குடிமகனுக்கு. மலேசியாவில் நீலம் குடிமகனுக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு. ஜொகூர்ச் சொந்தக்காரர்களோடு கல்யாணப் பேச்சு நடக்கும்போது இந்த வண்ணக் குழப்பத்தால் வந்த வேடிக்கைகள் தனிக் கட்டுரைக்கு ஆகும்.)

1959இல் சட்டம் திருத்தப்பட்டு மேலும் இறுகியது. நெடுங்காலம் கணவனைப் பிரிந்து ஊரில் இருந்த மனைவியரையும் வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்துவருவது மிகக் கடினமாயிற்று. பாட்டனார் அதற்கு முந்தைய ஆண்டே பாட்டியையும் நான்கு வயது அத்தாவையும் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டார். தொலைநோக்கு என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பாட்டிக்கும் கொழுந்தியாளுக்கும் ஒரே அடுப்படியில் ஒத்துப்போகவில்லை. அதுதான் காரணம் என்று பாட்டியே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு.

அந்தக் கொழுந்தியாள் ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் கணவர், அதாவது பாட்டனாரின் தம்பி, 1949இல் வந்தவர். கடையில் சரிபாதிப் பங்காளி. காலையில் கடை திறப்பதும் சரக்கு எடுக்கப் போவதும் அவர்தான். மூன்று பெண் குழந்தைகள், எல்லாரும் ஊரில். மூத்த மகளின் நிக்காஹுக்காக 1971இல் ரஜூலா கப்பலில் புறப்பட்டார். ரீ-என்ட்ரி போட்டுக்கொண்டுதான் போனார். 1972 மார்ச் வரை தேதி இருந்தது.

கல்யாணம் முடிந்தது. பிறகு மஞ்சள் காமாலை கண்டு இரண்டு மாதம் படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது தேதி நெருங்கிவிட்டது. உடம்பு கப்பல் பயணத்துக்குத் தாங்காது, அனுமதியை நீட்டிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். வீட்டில் தொலைபேசி இல்லாத காலம். கடிதம் வந்து சேருமுன் தேதி கடந்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுச் சிங்கப்பூர் வாழ்க்கை அதோடு முடிந்தது. பிறகு ஒரே ஒரு முறை வருகையாளராக வந்து, சில வாரம் தங்கி, தாம் தூக்கி அடுக்கிய மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தாம் பங்காளியாக இருந்த கடையில் அந்த வாரங்களில் அவர் கல்லாப்பெட்டியைத் தொடவில்லையாம். வருகையாளர் வேலை செய்யக்கூடாது என்பதால் அல்ல, மனம் வரவில்லை என்று சொன்னாராம். பாட்டனார் அவர் பங்கை மாதாமாதம் வங்கி டிராஃப்டாக அனுப்பினார். தொகை சரியாகவே இருந்தது என்பதற்குக் கணக்கேடு இருக்கிறது.

ஆனாலும் ஒரு பேச்சு நின்றுவிட்டது. கடிதம் நேரத்துக்கே வந்தது, அண்ணன்தான் கடையைத் தனதாக்கிக்கொள்ளச் சும்மா இருந்துவிட்டார் என்று ஊர்க் குடும்பத்தில் சொல்வார்கள். நான் சிறுவனாக ஊருக்குப் போனபோது என் வயதுப் பிள்ளை ஒருவனே அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். அன்று எனக்கு மறுநுழைவு என்றால் என்னவென்றே தெரியாது.

பெட்டியில் அந்தக் கடிதம் இருக்கிறது. கடிதத் தலைப்பில் அவர் எழுதிய தேதி, அனுமதி முடிய எட்டு நாள் இருந்தபோது. உறையின் மேல் பாட்டனாரின் பென்சில் கையெழுத்தில் "வந்தது" என்று ஒரு தேதி, முடிந்து ஆறு நாள் கழித்து. எந்தக் கடிதம் வந்தாலும் வந்த தேதியைக் குறித்துவைப்பது அவர் வழக்கம்; சரக்குப் பட்டியல் உறைகளிலும் அப்படியே குறித்திருக்கிறார். எனக்கு இது போதும். ஊரிலிருக்கும் சகோதரருக்குப் படமெடுத்து அனுப்பினேன். "பென்சில் அவர் கையில்தானே இருந்தது" என்று பதில் வந்தது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து அவரே மீண்டும் எழுதினார்: எட்டு நாள் இருக்கும்போது ஏன் எழுதினார், ஒரு மாதம் முன்பே எழுதியிருக்கலாமே என்று. அந்தக் கேள்வியை இத்தனை ஆண்டில் இரு வீட்டிலும் யாரும் கேட்டதில்லை.

ஜொகூர் பாலத்திலும் 1967இல் குடிநுழைவுச் சோதனை வந்துவிட்டது. அதற்குமுன் அக்கரைக்கு மவுலூது விருந்துக்குப் போய்வந்தவர்கள், பின்னர் அதற்கும் ரீ-என்ட்ரி தேதி பார்த்துப் போக வேண்டியதாயிற்று. மலேசியாவில் 1969க்குப் பிறகு குடிமக்கள் அல்லாதவர்க்கு வேலை அனுமதியும் கட்டாயமானதால், அங்கிருந்த நம் உறவுகள் பலர் ஊர் திரும்பினார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர் மூன்று நாட்டுக் கடப்பிதழோடு இருக்கும் வீடுகள் இந்த மலரைப் படிப்பவர்களில் பலருடையவை. யாரும் உட்கார்ந்து முடிவெடுத்து அப்படிப் பிரியவில்லை. அந்தந்த ஆண்டில் யார் எங்கே இருந்தார், எந்தத் தாள் கையில் இருந்தது என்பதைப் பொறுத்து அமைந்தது.

நம் சங்கம் தொடங்கிய ஆண்டுகளில், மஃக்ரிபுக்குப் பிறகு ஆங்கிலம் தெரிந்த இரண்டு மூன்று பேர் மேசை போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள் என்று அத்தா சொல்கிறார். முதலாளியின் கடிதம், வரி ரசீது, மத்திய சேமநிதிக் கணக்கு, இரண்டு புகைப்படம். மறுநாள் எம்பிரஸ் பிளேஸ் அலுவலகத்தில் வரிசை. காசு வாங்கமாட்டார்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்கள். சின்னப் பாட்டனாருக்கு நேர்ந்தது போல இன்னும் சிலருக்கு நேர்ந்திருந்ததுதான் அந்த மேசைக்குக் காரணம். உறுப்பினர்களின் ரீ-என்ட்ரி முடியும் தேதிகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஊரில் இருப்பவருக்கு முன்கூட்டியே கடிதம் போட்டிருக்கிறார்கள். கூட்ட நடவடிக்கைகளில் இது பதிவாகவில்லை. நாற்காலி வாங்கிய கணக்கெல்லாம் இருக்கிறது, இது இல்லை.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போன பிறகு கப்பல் பயணமும் முடிந்தது. இப்போது நான்கு மணி நேர விமானம். மறுநுழைவு அனுமதி பெரும்பாலும் ஐந்தாண்டுக்குக் கிடைக்கிறது. கடப்பிதழில் முத்திரையும் இல்லை, எல்லாம் மின்னியல் பதிவு. முத்திரை கண்ணில் படாததால் தேதி மறந்துபோவது எளிதாகிவிட்டது. என் மனைவி நிரந்தரவாசி. சென்ற ஆண்டு உம்ராவுக்குப் புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அவருடைய அனுமதி அந்த மாதமே முடிகிறது என்று கவனித்தோம். இத்தனையும் தெரிந்த வீட்டில்! அல்ஹம்துலில்லாஹ், நேரத்துக்குப் புதுப்பித்துவிட்டோம். ஆனால் அந்த ஒன்பது நாளில் சின்னப் பாட்டனாரின் எட்டு நாளை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தேதி நோட்டு யார் வீட்டிலாவது இருக்கலாம். நீளமான, சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டு என்று அத்தாவுக்கு நினைவு. பரணில், பழைய பெட்டியில் கண்டால் எறிந்துவிடாமல் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் படமெடுத்துக்கொள்ளவாவது அனுமதியுங்கள். நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்.