கெஸ்ட்ரிக் பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் பின்னர்: எடை, குளிசை, நோன்பு

உடற்பருமனுக்காகச் செய்யப்படும் கெஸ்ட்ரிக் பைபாஸ் சத்திரசிகிச்சை எமது சமூகத்துக்கு இன்று புதிதல்ல. கொழும்பில் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள், மத்திய கிழக்கில் தொழில் புரியும் காலத்தில் செய்துகொண்டு ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. தமது சத்திரசிகிச்சை விபரம் தெரிந்த வைத்தியர் அவர்களுக்கு இங்கே இருப்பதில்லை. எடை குறைந்ததும் விடயம் முடிந்துவிட்டது என வீட்டாரும் எண்ணிவிடுகிறார்கள்.

இச்சத்திரசிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதி, சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. எஞ்சிய இரைப்பைக்கும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதிக்கும் உணவு செல்வதில்லை. பொதுவாக 12 முதல் 18 மாதங்களில் எடை மிகக் குறைந்த நிலைக்கு வரும். அதன் பின்னர் சிறிதளவு ஏறுவது இயல்பு. தொடர்ந்து ஏறுவதே கவலைக்குரியது. அதற்குப் பெரிய சாப்பாடுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடிக்கடி கொறிப்பது, சீனி போட்ட பிளேன்டீ, பிஸ்கட், குளிர்பானம் ஆகியவையே போதும். மென்மையானதும் இனிப்பானதும் அந்தச் சிறு பையில் தங்காமல் இறங்கிவிடும்.

எடையை விடவும் என்னை அச்சப்படுத்துவது குளிசையை நிறுத்திவிடும் பழக்கம். இரும்பும் கல்சியமும் பிரதானமாக உறிஞ்சப்படும் இடத்தைத்தான் உணவு இப்போது தொடாமல் போகிறது. விட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் குறைந்துவிடுகிறது. ஈரலில் பி12 சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரிய வருடக்கணக்காகலாம். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்தியவருக்குப் பின்னொரு நாளில் கால் விறைப்பு, தள்ளாட்டம், மறதி என்று ஆரம்பிக்கும். தாமதித்தால் நரம்பின் பாதிப்பு முழுமையாக மீளாமலும் போகலாம். எனவே இந்த விட்டமின்களும் கனியுப்புகளும் ஆயுள் முழுவதற்குமானவை; வருடத்துக்கு ஒரு முறையேனும் இரத்தப் பரிசோதனையும் அவசியம். கல்சியத்தையும் இரும்பையும் குறைந்தது 2 மணித்தியால இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். கெப்சூல் உறையின் ஜெலட்டின் ஹலாலா என்ற ஐயத்தில் மருந்தையே விட்டுவிடத் தேவையில்லை. குளிசையாகவோ ஊசியாகவோ தருமாறு கேட்கலாம்.

மூட்டு வலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனக், ஐபுபுரூபன் போன்றவை இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கும். புகைத்தலும் அப்படியே.

இனி ரமழான். சத்திரசிகிச்சை செய்த முதல் வருடத்தில், உடல் நிலைபெறும் வரை நோன்பைப் பிற்படுத்துமாறே வைத்தியர்கள் பொதுவாக ஆலோசனை கூறுகிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. கழாச் செய்வதா, பித்யா கொடுப்பதா என்பதை வைத்தியரின் கருத்தோடு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். பிந்திய வருடங்களில் நோற்பவருக்கு உண்மையான சவால் நேரம்தான். இப்தாருக்கும் சஹருக்கும் இடைப்பட்ட சுமார் பத்து மணித்தியாலத்துக்குள் குறைந்தது 60 கிராம் புரதமும் போதிய தண்ணீரும் இடைவெளி விட்ட குளிசைகளும் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கவும் கூடாது. சிறிது தண்ணீர், ஒரு பேரீச்சம்பழத்துடன் நோன்பைத் திறந்து, மஃரிபைத் தொழுதுவிட்டு வந்து மீன், முட்டை, கோழி என்று முதலில் உண்பது அந்த இடைவெளியை இயல்பாகவே தந்துவிடுகிறது. கஞ்சி இதமானதுதான், ஆனால் இறைச்சி குறைந்த கஞ்சியில் புரதம் சொற்பம். சர்பத், பலூடா, வட்டிலப்பம் ஆகியவை சிலருக்கு அரை மணித்தியாலத்துக்குள் படபடப்பையும் வியர்வையையும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும். ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தின் பின்னர் இரத்தச் சீனி சடுதியாக இறங்குவதும் உண்டு. தராவீஹில் நிற்கும்போது வரும் மயக்கத்தை நோன்பின் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. இன்சுலின் அல்லது கிளிக்லசைட் பாவிப்போர் ரமழானுக்கு முன்னரே அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கலியாண வீட்டுச் சஹன் வேறொரு சோதனை. இரண்டு பிடியோடு கையெடுத்தால் பக்கத்திலிருப்பவர் விடமாட்டார். அன்பினால்தான், ஆனால் அந்த வயிறு அவருடையதல்ல.

பெண்கள் முதல் 12 முதல் 18 மாதங்களுக்குக் கருத்தரிப்பைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறை பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

நாட்கணக்காக வாந்தி நிற்காவிட்டால் வீட்டில் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பைபாஸ் செய்தவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தயமின் எனும் விட்டமின் பி1 தீர்ந்திருக்கும் உடலில், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மாத்திரம் ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடும்.