பழவேற்காட்டுத் துணியும் தலையில் கட்டியவர்களும்

காட்டுப்பள்ளி என்றால் இன்றைக்கு கன்டெய்னர் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். எல் அண்ட் டி கட்டியது, 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதே கரையில் வடக்கே போனால் பழவேற்காடு. நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல்கள் வந்து நின்ற இடம் அது. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். அங்கிருந்து துணி ஏற்றினார்கள். மனிதர்களையும் ஏற்றினார்கள்: பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். ரெண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தத் துணியின் கதையைச் சொல்ல முடியாது.

துணி என்றால் கட்டம்போட்ட பருத்தித் துணி. மலாய் நாட்டில் பள்ளிவாசலுக்குக் கட்டிக்கொண்டு போகும் கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றுதான் பெயர். பெலிகாட் வேறு எதுவும் இல்லை, நம்ம பழவேற்காடுதான். போர்ச்சுகீசியர் ஊரைப் ‘பலெயகாத்தே’ என்றார்கள். மெக்சிகோவில் தலைக்குட்டையை ‘பாலியாகாத்தே’ என்பதும் இதிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. இந்தத் துணிக்கு அளவு கிடையாது. ஒல்லியோ குண்டோ, கட்டுகிறவர் உடம்புக்குத் தக்கபடி சுற்றிக்கொள்ளலாம்.

இதே கரையின் கட்டம்போட்ட சதுரத் துணி ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் கரீபியன் தீவுகளுக்கும் போனது. மார்ட்டினிக், குவாதலூப் பெண்களின் மரபு உடையில் இன்றும் அது இருக்கிறது. 1786இல் லூசியானாவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் மிரோ ஒரு உத்தரவு போட்டார். அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்கள் தலைமுடியில் நகையோ இறகோ செருகக்கூடாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும். வெள்ளைக்காரப் பெண்களோடு அவர்கள் போட்டிபோடக் கூடாதாம்! அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பளிச்சென்ற நிறத் துணிகளை எடுத்து, உயரமாக, விதவிதமான முடிச்சுகளோடு கட்டினார்கள். அடக்குவதற்குப் போட்ட சட்டம் ஒரு அலங்காரமாகவே ஆகிப்போனது. மெட்ராஸ் துணிக்கும் அதில் பங்கு உண்டு.

நம் காலத்தில் உத்தரவு தலைகீழாக வருகிறது. 2011 ஜூனில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்டானோடு விளையாட வந்த ஈரான் பெண்கள் கால்பந்து அணி, தலையை மூடியிருந்த காரணத்தால் களம் இறங்க முடியவில்லை. 2014இல்தான் ஃபிஃபா விதி மாறியது. கூடைப்பந்தில் 2017 வரை ஆனது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க வீராங்கனை பில்கிஸ் அப்துல் காதிர். விதி மாறுவதற்குள் அவருடைய தொழில்முறை ஆட்டக் கனவு போய்விட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் தன் வீராங்கனைகளுக்கு ஹிஜாபைத் தடுத்தது. ஓட்டக்காரர் சுங்காம்பா சில்லா தொடக்க விழாவுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

இது முஸ்லிம் பெண்கள் விவகாரம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2021இல் நார்வே பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணிக்கு 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். பிகினி போடாமல் அரைக்கால் சட்டை போட்டார்களாம். கூடுதலா மூடினாலும் குத்தம்தான் போல.

சந்தை இதைக் கவனிக்காமல் இருக்குமா? நைக்கி 2017இல் விளையாட்டு ஹிஜாப் கொண்டுவந்தது. டெகத்லான் 2019இல் பிரான்சில் ஓட்டத்துக்கான ஹிஜாப் விற்கப்போய், எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. பேச்செல்லாம் போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பற்றித்தான். தைத்துக் கொடுக்கும் பெண்ணைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை.

பழைய கதையிலும் இதே இடைவெளிதான். கம்பெனிக் கணக்குகளில் வியாபாரி பெயர் இருக்கும், நெசவாளிக்குக் கொடுத்த முன்பணம் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து நூல் நூற்ற பெண்கள் பெயர் தேடினாலும் கிடைக்காது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பாலியல் தொல்லை பற்றி மற்ற பெண்களும் வாய் திறந்தார்கள். பெண்கள் நடத்தும் டிடிசியு தொழிற்சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்ட் எம் ஆகியவற்றோடு ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது; கேப்பும் பிவிஎச்சும் பிறகு சேர்ந்தன. வாங்கும் நிறுவனத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. ஆலைக்குள்ளேயே தொல்லைகளைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே டி-ஷர்ட்டோ டிராக் பேண்டோ வாங்கும்போது ‘மேட் இன் இந்தியா’ என்ற லேபிளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நைக்கி 2005இலிருந்தே தன் ஆலைகளின் பட்டியலை வெளியிடுகிறது, எச் அண்ட் எம்மும் வெளியிடுகிறது. அதில் ஆலை பெயரும் ஊரும் இருக்கும். நம்ம ஊர்ப் பெயர்களும் வரும், தேடிப் பாருங்க.