மாரியில் எழுப்பேலாது

எங்கட குசினியில் கோப்பை கழுவுகிற பெடியன், பிரான்சில் மாரி வந்தால் வாடகை கட்டத் தேவையில்லை என்கிறான். பிழை. கடன் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆளை வெளியே போடத்தான் தடை.

1954 பெப்ரவரி 1ஆம் திகதி, அபே பியர் பாதிரியார் வானொலியில் ஒரு சாவைச் சொன்னார். பாரிஸ் செபஸ்தோபோல் பெருந்தெருவில் ஒரு பெண் குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தாள். வீட்டால் எழுப்பிய கடதாசி கையிலேயே இருந்தது. நாடே கலங்கிப் போச்சு. 1956 டிசம்பரில் சட்டம் வந்தது. இப்போது நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சில விதிவிலக்குத் தவிர, எழுப்பேலாது.

மற்ற மாதங்களிலும் வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்றினால் அவர்தான் குற்றவாளி. வழக்கு, தீர்ப்பு, கொமிசேர் து ஜுஸ்தீஸ் (முந்தி உசியே) கொண்டுவரும் கடதாசி, வழக்கமாக இரண்டு மாதத் தவணை, கடைசியில்தான் பொலிஸ். கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்ட எங்கட ஆக்களின் வயிற்றெரிச்சல் விளங்குது. மாரியிலேயே வழக்கைப் போட்டால், ஏப்ரலுக்குத் தீர்ப்பாவது கையில் இருக்கலாம்.