எல்லநள்ளியில் பிறந்த பத்தாம் நம்பர்

காளி பூஜை முடிந்த கையோடு, கல்கத்தா பாலிகஞ்ச் ஏக்டாலியாவில் எங்கள் கீழ்வீட்டு மாஷிமா, அதாவது பெரியம்மா, கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்து வைப்பார். ஸ்வெட்டர் பின்னும் சாமான் எல்லாம் அதற்குள்தான். போன வருஷம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாம்பல் நிற ஊசியை எடுத்து, அதன் கொண்டையைத் திருப்பிப் பார்த்தேன். 10 என்றிருந்தது. கூடவே 'போனி'.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் குன்னூர்க்காரி. ஊட்டிக்கு பஸ் ஏறினால் வழியில் எல்லநள்ளி. போனி ஊசி செய்யும் அங்குள்ள கம்பெனியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். மாஷிமாவோ அதை 'பிலேதி', சீமைச் சாமான் என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். "இல்லை மாஷிமா, எங்க ஊரு" என்றேன். அவர் ஊசியை வாங்கி, முதல்முறை பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அவர் நினைத்ததிலும் பாதி உண்மை உண்டு. ஊசித் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள் இங்கிலாந்தின் ரெட்டிச்சும் பக்கத்து ஸ்டட்லியும். ஸ்டட்லிக் கம்பெனி ஒன்று 1949-இல் தொடங்கியதுதான் போனி ஊசி செய்யும் எங்கள் நீலகிரியின் நீடில் இண்டஸ்ட்ரீஸ். அந்நியச் செலாவணிச் சட்டம் வந்து, வெளிநாட்டார் பங்கு 40 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்றானபோது, நிர்வாக இயக்குநர் தேவஞானம் தரப்புக்கும் ஆங்கிலேயப் பங்குதாரர்களுக்கும் புதிய பங்கு வெளியீடு பற்றி வழக்கு மூண்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வெளியீடு செல்லும் என்று 1981-இல் தீர்ப்பானது. கம்பெனிச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஸ்வெட்டர் பின்னுகிற யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த 10-க்கும் ஒரு பூர்வீகம் உண்டு. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 14 என்றால் 2. பழைய ஆங்கிலேயக் கம்பி அளவின் மிச்சம் இது. துளைக்குள் எத்தனை தடவை இழுக்கிறார்களோ, கம்பி அத்தனை மெலியும், நம்பரும் கூடும். இங்கிலாந்து மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது. பாலிகஞ்ச் பெண்கள் வாயில் இன்றும் நம்பர்தான்.

ஒரு ஸ்வெட்டருக்கு இரண்டு ஜோடி வேண்டும். இடுப்பு, மணிக்கட்டு பார்டருக்கு 10, உடம்புக்கு 8. நடுத்தர உல்லன் நூலில் 8-ஆம் ஊசியில் 22 கண்ணி போட்டால் 10 சென்டிமீட்டர் வரும். அப்படி 100 கண்ணி என்றால் சுமார் 45 சென்டிமீட்டர் அகலம். ஊசி தடித்து, அதே 10 சென்டிமீட்டரில் 20 கண்ணிதான் வந்தால் அகலம் 50 ஆகிவிடும். பிள்ளைக்குப் போட்டது அப்பாவுக்குப் போகும். அதனால்தான் டின்னில் ஓட்டை ஓட்டையாக ஓர் அளவு அட்டை. கொண்டையில் நம்பர் அழிந்துபோன ஊசியை அதில் நுழைத்துப் பார்த்து மாஷிமா அடையாளம் காண்கிறார்.

மலையிறங்கி மேட்டுப்பாளையம் வந்து, வங்காளம் வரை வந்த அந்த 10-ஆம் நம்பர் ஜோடியை, மாஷிமா கல்யாணமான புதிதில் கரியாஹாட் கடைத்தெருவில் லூதியானா உல்லனோடு சேர்த்து வாங்கினாராம். அதுவரை தன் அம்மாவின் எஃகு ஊசிகள். 1962-இல் சீனச் சண்டை வந்தபோது ஜவான்களுக்கு அம்மா பின்னியது அவற்றில்தான். கல்கத்தா மழைக்காலத்தில் எஃகு துருவேறும், வெள்ளை நூலில் கறை படியும். இந்த அலுமினிய ஊசிக்கு அந்தப் பயமில்லை. கனமும் இல்லை.

மற்ற சாமான்களும் சொல்லத் தக்கவை. காலுறைக்கும் கழுத்துக்கும் இருமுனையும் கூராக நான்கு ஊசி. நழுவிய கண்ணியைத் தூக்க ஒரு குரோஷா ஊசி. கை தைக்கும் வரை தோள் கண்ணிகளைக் காத்து வைக்கப் பெரிய ஊக்கு. துண்டுகளைச் சேர்க்க மழுங்கிய முனை ஊசி. வரிசைக் கணக்குக்குப் பஞ்சாங்கக் காலண்டரின் பின்பக்கமும் ஒரு பென்சில் துண்டும்.

ஊசியை வங்காளிகள் 'காட்டா' என்கிறார்கள், முதலெழுத்தை மூக்கில் இழுத்து. முள் என்றுதான் பொருள். மீன் முள்ளும் காட்டா, கடிகார முள்ளும் காட்டா. நம் முள்ளும் அந்த இரண்டு இடத்துக்கும் போகிறது. பின்னல் ஊசியிடம் மட்டும் போகவில்லை. ஒரு வரிசை பின்னி முடித்தால் அதுவும் ஒரு காட்டா. நாம் கண்ணி என்பதை அவர்கள் 'கொர்' என்கிறார்கள்: வீடு. கண்ணி நழுவினால், வீடு விழுந்துவிட்டது என்று மாஷிமா பதறுவார். அந்தச் சொல்லைக் கேட்டபிறகு நான் ஒரு கண்ணியையும் அலட்சியமாக விட்டதில்லை.

அந்த ஜோடியில் ஏறி இறங்கிய ஸ்வெட்டர்கள் பலதும் இப்போது இல்லை. பிள்ளை வளர்ந்ததும் பிரித்து, நாற்காலி முதுகில் நூலைச் சுற்றி, நனைத்துக் காயவைத்து, இன்னொரு நிற நூலோடு சேர்த்து மறுபடி பின்னியிருக்கிறார். ஒரே நூல் இரண்டு மகன்களுக்கும் ஒரு மருமகளுக்கும் உடுப்பாகியிருக்கிறது. ஊசிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்று மட்டும் அவர் வலது உள்ளங்கை அழுத்தத்தில் லேசாக வளைந்திருக்கிறது.

இந்தக் குளிருக்குப் பேரனுக்கு மங்கி குல்லா. பாதியில் நிறுத்தி, "ஒரு காட்டா நீ போடு" என்று என்னிடம் நீட்டினார். போட்டேன். என் கை இறுக்கம். என் வரிசை மட்டும் தனியாகத் தெரிந்தது. அவர் விரலால் நீவிப் பார்த்தார். பிரிக்கவில்லை. அடுத்த வரிசையைத் தொடங்கிவிட்டார்.